நூற்றிருபது சதுர அடி

அம்மா அந்தக் குழந்தையை எல்லை தாண்டி அழைத்துக்கொண்டு போன இருபத்தோராம் நாள், குழந்தையின் படுக்கையறையும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கட்டில், இரும்பு அலமாரி, சுவர்க் கடிகாரம், தெருவைப் பார்த்த ஒற்றை ஜன்னல் என எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. இருபது நாளும் குழந்தை ஒரே பிடிவாதமாக இருந்தாள். என் ரூம்ல தான் தூங்குவேன் என்று சொல்லிவிட்டு, அம்மா விரித்துப்போட்ட மெத்தையைத் தொடாமல் ஹால் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கினாள். இருபத்தோராம் நாள் காலையில் ஹாலின் கோடியில், முந்தின நாள் வரை வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. "ரூம் வந்துடுச்சும்மா" என்று அவள் வந்து சொன்னபோது அம்மா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் கதவில் தேய்ந்திருந்த கைப்பிடி வரைக்கும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

இரண்டு நாடுகளையும் இந்த நாடு, அந்த நாடு என்று சொன்னால் குழம்பிப்போகும். குழந்தை சொன்னபடியே அப்பா நாடு, அம்மா நாடு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓர் ஆறு, ஒரு பாலம், பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி சோதனைச்சாவடி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொடுப்பவள். அந்தத் தொழிலைப் படிக்க எல்லை தாண்டி வந்த இடத்தில் ஒரு லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாள். மேலே நின்று கதவின் இடுக்கு வழியே ஓயாமல் பேச்சுக்கொடுத்துப் பயம் தெரியாமல் பார்த்துக்கொண்டவன்தான் இந்த லிஃப்ட்காரன். கல்யாணம் எட்டு வருஷம் ஓடியது. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. ஊரில் யார் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுபவனுக்கு, வீட்டுக்குள் ஒருத்தி மாட்டிக்கொண்டிருப்பது மட்டும் தெரியவில்லை. ஒரு விடுமுறைக்கு, இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று குழந்தையோடு பஸ் ஏறியவள், போய்ச் சேர்ந்ததும் போன் நம்பரை மாற்றிக்கொண்டாள்.

லிஃப்ட்காரன் காவல் நிலையத்தில் முதலில் குழந்தையைக் காணவில்லை என்று எழுதிக்கொடுத்தான். மூன்றாவது வாரம் மறுபடி போய் அறையைக் காணவில்லை என்று எழுதிக்கொடுத்தான். "பூட்டை உடைச்சாங்களா?" என்று கேட்டார் எழுத்தர். "கதவே இல்ல சார், பூட்டை எங்க உடைக்கறது?" என்றான் இவன். வந்து பார்த்தார்கள். நாலாவது மாடியில் அவன் வீட்டு ஹாலை அடுத்து வழவழவென்று சுவர் இருந்தது. வெளியே தெருவில் நின்று பார்த்தாலும் ஜன்னல் இருந்த இடத்தில் பழைய பூச்சு. மேல்மாடியிலிருந்து வழிந்த மழைக்கறை, இத்தனை வருஷமாக அங்கே ஜன்னலே இருந்ததில்லை என்பதுபோல் ஒரே கோடாக இறங்கியிருந்தது. எழுத்தர் நேர்மையான மனிதர். பார்த்ததை அப்படியே எழுதி மேலே அனுப்பினார். அந்தக் காகிதம் பத்து மேஜைகளைத் தாண்டி வெளியுறவு அமைச்சகத்தில் போய் நின்றபோதுதான், ஒரு குடும்பத் தகராறு இரண்டு நாடுகளின் தகராறாக மாறியது.

ஏனென்றால் அறை அம்மா நாட்டுக்குப் போய்விட்டதே தவிர, அறைக்குள் இருந்தது அப்பா நாடு. இதை அம்மா நாட்டு அதிகாரிகளே வந்து பார்த்து அறிக்கை எழுதினார்கள். அறையின் விளக்கு அப்பா நாட்டு மின்சாரத்தில் எரிந்தது. அங்கே மின்தடை என்றால் இங்கே அறை மட்டும் இருண்டது. ஜன்னலைத் திறந்தால் லிஃப்ட்காரனின் தெரு, எதிரே டயர் கடை, மருந்துக்கடை, தபால் பெட்டி. அங்கே மழை பெய்தால் ஜன்னல் கம்பி நனைந்தது. சத்தம் மட்டும் ஏனோ வரவில்லை. அம்மா குடியிருந்த கட்டிடத்தின் வெளியே போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடியின் அந்த மூலையில் அறை ஏதும் துருத்திக்கொண்டிருக்கவில்லை, வெறும் சுவர்தான். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அப்பா நாடு தன் புதிய வரைபடத்தில் அம்மா நாட்டின் நடுவே ஒரு புள்ளி வைத்து, நூற்றிருபது சதுர அடி, ஆக்கிரமிக்கப்பட்டது என்று அச்சிட்டது. அம்மா நாடு, வந்தது உங்கள் அறை, நாங்கள் போய் எடுத்து வரவில்லை என்று பதில் எழுதித் தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பாலம் மூடப்பட்டது. இரண்டு பக்கமும் லாரிகள் மூன்று மைலுக்கு நின்றன.

குடும்ப நீதிமன்றங்கள் சும்மா இருக்குமா? அம்மா நாட்டு நீதிமன்றம் குழந்தை அம்மாவுக்கு என்றது. அப்பா நாட்டு நீதிமன்றம் குழந்தை அப்பாவுக்கு என்றதோடு, அழைத்துச் சென்ற தாய் அப்பா நாட்டு மண்ணில் கால் வைத்தால் கைது என்றும் சேர்த்துக்கொண்டது. ஆக, கண்ணாடிக்காரியின் வீட்டுக்குள்ளேயே அவள் கால் வைக்கக்கூடாத இடம் ஒன்று முளைத்துவிட்டது. முதல் சில நாள் சுதந்திரமாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிவிட்டவள், உத்தரவு வந்த பிறகு வாசற்படியோடு நின்றுகொண்டாள். உள்ளே பிடித்துவைத்தால் குழந்தையோடு இருக்க முடியாதே என்ற பயம் அவளுக்கு. சீப்பை நீட்டுவாள், குழந்தை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள், பின்னல் எல்லையில் நடக்கும். ஜுரம் வந்த இரண்டு நாள் மட்டும், தலையணையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, தலை அம்மா நாட்டிலும் கால் அப்பா நாட்டிலுமாகப் படுத்திருந்தாள் குழந்தை.

எல்லை என்றால் அதிகாரி வேண்டும். அம்மா நாட்டு அரசாங்கம் ஹாலில் ஒரு மடக்கு மேஜை போட்டு, குடியேற்றத் துறையிலிருந்து பருத்த உடம்பும் இளகின மனசும் கொண்ட ஒருவரை உட்கார வைத்தது. குழந்தை அறையிலிருந்து வெளியே வந்தால் ஒரு முத்திரை, உள்ளே போனால் ஒரு முத்திரை. "பாப்பா, பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வாம்மா." "அங்கிள், அவசரம்!" "சரி சரி, ஓடு. வந்து குத்திக்கலாம்." பள்ளிக்கூடம், குளியல், தண்ணீர் என்று ஒன்பது நாளில் பாஸ்போர்ட் நிரம்பிவிட்டது. புதியதை அப்பா நாடுதான் தரவேண்டும், அது தரவில்லை. அதன் பிறகு முத்திரை அதிகாரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அதில் குத்தினார். காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போய்விடுவார். அவர் இல்லாத நேரத்தில் எல்லை திறந்துதான் கிடந்தது. ஆனால் கைது என்ற சொல் வாசற்படியில் பாய் போட்டுப் படுத்திருந்ததால், கண்ணாடிக்காரி அப்போதும் உள்ளே போகவில்லை.

அந்தப் பக்கம், அதிகாரிகளின் அறிக்கையைப் பத்திரிகையில் படித்துத்தான் லிஃப்ட்காரனுக்கு ஜன்னலைப் பற்றித் தெரிந்தது. மகள் இருக்கும் அறையிலிருந்து தன் தெரு தெரிகிறது. அப்படியானால் தெருவில் நின்றால் தான் தெரிவோம். மறுநாள் காலையிலேயே ஓர் அட்டையோடு இறங்கிவந்து, டயர் கடை ஓரமாக நின்று, நாலாவது மாடிச் சுவரைப் பார்த்து அதைத் தூக்கிப் பிடித்தான். பத்து நிமிஷம் நின்றுவிட்டு வேலைக்குப் போனான். குழந்தை பார்க்கிறாளா, பள்ளிக்கூடம் போய்விட்டாளா, ஜன்னல் திறந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அவன் கண்ணுக்கு எதிரில் இருந்தது பூச்சும் மழைக்கறையும்தான். தெருக்காரர்கள் முதலில் பாவம் என்றார்கள், அப்புறம் மறை கழன்றுவிட்டது என்றார்கள், அதற்கப்புறம் அவன் நிற்கும் இடத்தில் வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு மாதம், ஒருநாள் விடாமல் நின்றான். மழை நாளில் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டான்.

குழந்தை தினமும் பார்த்தாள். கட்டில்மேல் ஏறி ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து, போகிறவரை கையாட்டினாள். ஆனால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்ட்காரனின் கையெழுத்து லிஃப்ட் பராமரிப்புச் சீட்டில் பழகிய கையெழுத்து. சின்னக் கட்டத்துக்குள் தேதி, பழுது, மாற்றிய உதிரிபாகம் என்று அடக்கி எழுதி எழுதி, எவ்வளவு பெரிய அட்டை கொடுத்தாலும் அவன் அதை ஒரு சீட்டாகத்தான் பார்த்தான். எட்டு வரி எழுதினான். நாலு மாடி உயரத்திலிருந்து அதைப் படிக்கக் கழுகுதான் வரவேண்டும்.

ஒரு நாள் காலை பின்னலுக்காக வாசற்படியில் சீப்போடு நின்றிருந்த கண்ணாடிக்காரி, மகள் ஜன்னலில் நிற்பதைப் பார்த்தாள். முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் இடுங்கியிருந்தது. மனைவியாகவும் வழக்காடுபவளாகவும் அவள் அந்த ஜன்னலைப் பதினொரு மாதம் பார்க்காமலே இருந்துவிட்டாள். ஆனால் நாளைக்கு இருபது பேரை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகை காட்டுகிறவளுக்கு அந்தச் சாய்வு தெரியாமல் போகுமா? தூரப்பார்வை போயிருக்கிறது. தன் வீட்டுக்குள், தன் கண்ணெதிரிலேயே போயிருக்கிறது.

"அம்மா, அப்பா என்ன எழுதியிருக்கார்னு கொஞ்சம் படிச்சு சொல்லேன்" என்றாள் குழந்தை, திரும்பாமலே. "எனக்குப் பூச்சி பூச்சியா தெரியுது."

முத்திரை அதிகாரி அன்று சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரி அவரைப் பார்த்தாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு முழம் தள்ளி யானை நின்றாலும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், பரிசோதித்தவள் அவள்தான். அவள் எல்லை தாண்டினாள். மூன்று எட்டில் ஜன்னலுக்குப் போய், மகளின் தலைக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். கீழே தெருவில், இளைத்துப்போன ஒரு மனிதன் அட்டையைப் பிடித்தபடி தனக்கு நேராக, ஆனால் தன்னைப் பார்க்காமல் நின்றிருந்தான். நல்ல பார்வை உள்ள அவளுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணைச் சுருக்கி வரி வரியாகப் படித்தாள். நேத்து மூணு பேர் மாட்டினாங்க. ஒருத்தர் பயத்துல பாட்டு பாடினார். நல்லா பாடினார், அதனால ரெண்டு நிமிஷம் லேட்டா திறந்தேன். உன் சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வெச்சிருக்கேன். டயர் கடைப் பூனை குட்டி போட்டிருக்கு, நாலு. படித்துக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது பூனைக்குட்டியில் அழுகை வந்துவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

அன்று மத்தியானம் கடையிலிருந்து அவனுக்குப் போன் செய்தாள். அவன் நம்பர் மாறவில்லை. ஹலோ என்றதும் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எழுத்து ரொம்ப சின்னதா இருக்கு" என்றாள் அவள்.

அவன் கேட்டான். "அவ பாக்கறாளா?"

"தினமும் பாக்கறா. படிக்கத்தான் முடியல. ஒரு எழுத்து ஒரு உள்ளங்கை அளவு இருக்கணும். ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். கறுப்பு மையில எழுதுங்க, நீலம் எடுபடல."

"சரி" என்றான். பிறகு, "பதினோரு மாசமா பாத்தாளா?" என்றான். அவள் ம் என்றாள். இருவரில் யார் முதலில் போனை வைத்தார்கள் என்பது பற்றித் தகவல் இல்லை.

பாலம் மூடிக் கிடந்ததால் கண்ணாடிக் கடைகளுக்கு வரவேண்டிய வில்லைகள் வரவில்லை. கடையில் மிச்சமிருந்த ஒரே ஜோடியை அரைத்து மகளுக்குப் போட்டாள். மறுநாள் காலையில் அட்டையில் இரண்டே வரி, ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு. குழந்தை உரக்கப் படித்த சத்தத்தில் முத்திரை அதிகாரி நோட்டில் தவறான இடத்தில் குத்திவிட்டார். அன்று முதல் கண்ணாடிக்காரி காலையில் பத்து நிமிஷம் அந்த அறையில் இருந்தாள், அதிகாரி பத்து நிமிஷம் கண்ணாடி துடைத்தார்.

இதற்கிடையில் இரண்டு நாடுகளுக்கும் சண்டை அலுத்துவிட்டது. லாரிக்காரர்கள் போட்ட கூச்சலும் ஒரு காரணம். பாலத்தின் நட்டநடுவே கூடாரம் போட்டு நாலு நாள் பேசி உடன்பாட்டுக்கு வந்தார்கள். அப்பா நாட்டுக்கு அதன் மண் திரும்பக் கிடைக்கும், அம்மா நாட்டுக்குக் குழந்தை. குறிப்பிட்ட தேதியில் காலை பத்து மணிக்குக் குழந்தையை அறையிலிருந்து வெளியே அழைத்துக் கதவைச் சாத்தவேண்டும். இங்கே தூங்கமாட்டேன் என்று அவள் வாயால் சொன்னால் அறை போய்விடும் என்பது நிபுணர் குழுவின் கருத்து. அப்பாவின் வழக்கு முடித்துவைக்கப்படும், அம்மாமீதான கைது உத்தரவு ரத்தாகும். கண்ணாடிக்காரி கேட்டது எல்லாம், கேட்காததும்கூட, அதில் இருந்தது. உடன்பாட்டை எடுத்துக்கொண்டு இணைச் செயலாளர் ஒருவரே வீட்டுக்கு வந்தார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா. ஒரு கையெழுத்து மட்டும் போதும்."

அவள் இரண்டு முறை படித்தாள். "குழந்தைக்கு ஜன்னல் போயிடும்ல சார்?"

"அதுக்கென்ன, வேற ஜன்னல் வெச்சுக்கலாமே. பொதுப்பணித் துறையில சொல்லிடறேன்."

"அதுல அவ அப்பா தெரியமாட்டாரே" என்றாள்.

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். முத்திரை அதிகாரி சட்டை நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி பேனாவை வாங்கி, குழந்தையை வெளியே அழைத்து என்ற இடத்தை அடித்துவிட்டு, குழந்தையை உள்ளே வைத்து என்று எழுதினாள். அடுத்த விடுமுறை வரைக்கும் அங்கே, அதற்கடுத்த விடுமுறை வரைக்கும் இங்கே என்று ஓரத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைச் செயலாளரிடமே திருப்பிக் கொடுத்தாள். வழக்கில் ஜெயித்தவர் தானே தோற்றுக்கொள்வதற்கு விதியில் தடை ஏதும் இல்லை என்று இரண்டு நாட்டு வழக்கறிஞர்களும் தேடிப்பார்த்துச் சொன்னார்கள்.

குறித்த தேதியில் காலை ஒன்பதரைக்கே ஹால் நிறைய அதிகாரிகள். கண்ணாடிக்காரி உள்ளே போய் மகளின் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். கண்ணாடியை எப்படித் துடைக்கவேண்டும், எப்படிக் கவிழ்த்து வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். தலை பின்னிவிட்டாள். "நீ வரலியா?" என்றாள் குழந்தை. "எனக்குக் கடை இருக்கே" என்றாள் அம்மா. குழந்தை கொஞ்சம் யோசித்து, சரி என்றாள். அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பத்து மணிக்கு அங்கே கதவு இருந்தது. பத்து மணி ஒரு நிமிஷத்துக்குச் சுவர் இருந்தது. முத்திரை அதிகாரி நோட்டை மூடி மேஜையை மடக்கினார். மற்றவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மாலையில் லிஃப்ட்காரன் போன் செய்தான். அறை பத்திரமாக வந்துவிட்டது, குழந்தை சாப்பிட்டாள், சைக்கிள் ஓட்டினாள், டயர் கடைப் பூனையைப் பார்த்தாள். அப்பா நாட்டு அதிகாரிகள் அறையை அளந்து, மண் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. "ஜன்னல்ல எங்க தெரு இல்ல" என்றான். "பஸ் ஸ்டாப் தெரியுது. பெரிய மரம் ஒண்ணு. உன் கடை போர்டு பாதி தெரியுது."

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரி ஓர் அட்டையோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். எதிரே அவள் குடியிருக்கும் கட்டிடம், இரண்டாவது மாடி மூலையில் வெறும் சுவர். அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் கை வலித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் குழந்தை இருக்கிறாளா, இல்லையா, சிரிக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. அவளுக்காவது முந்தின நாள் போன் வந்திருந்தது. ஒரு வார்த்தைகூட வராமல் ஒருவன் இப்படிப் பதினொரு மாதம் நின்றிருக்கிறான் என்பது, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது. தான் செய்தது தப்பு என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர், பஸ் வருமா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "இப்ப வந்துடும்மா" என்றார்.

பாலம் திறந்தது, தூதர் திரும்பிவந்தார், வில்லைகள் வந்தன. வரைபடத்தில் அந்தப் புள்ளியை விடுமுறைக்கு விடுமுறை இடம் மாற்றமுடியாது என்பதால் எடுத்துவிட்டார்கள். லிஃப்ட்காரனும் கண்ணாடிக்காரியும் மறுபடி சேர்ந்து வாழவில்லை, அப்படி ஒரு பேச்சும் எழவில்லை. வாரம் ஒருமுறை போனில் மகளின் பல், உயரம், கண்ணாடி நம்பர் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அறை விடுமுறைதோறும் தவறாமல் போய்வருகிறது. எந்த நாட்டில் இருக்கிறதோ அதற்கு எதிர் நாட்டின் தெருவைப் பார்க்கிறது. அறை போகும் நாளில் மட்டும் கொஞ்சம் ஒட்டடை விழும், பெருக்கிவிடுவார்கள்.

குழந்தை என்று இன்னமும் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. இப்போது பதினைந்து வயது. சொந்தமாகப் பூட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி மாட்டியிருக்கிறாள். ஜன்னலுக்கு அடர்த்தியான நீலத் திரை ஒன்றும் தைத்துப் போட்டிருக்கிறாள். காலையில் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது, தூக்கம் கெடுகிறது என்கிறாள். பெரும்பாலான நாட்களில் எட்டு மணி வரைக்கும் அந்தத் திரை திறப்பதில்லை. வெளியே நிற்பவருக்குத் திரையும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. அந்த நாட்களில் நிற்பது யாருடைய முறையோ அவர் தெருவுக்கு வந்து, உள்ளங்கை அளவு எழுத்தில் இரண்டு வரியைத் தூக்கிப் பிடித்து, பத்து நிமிஷம் நின்றுவிட்டு வேலைக்குப் போகிறார்.